பிறை குத்தின ஸ்பேனர்

இல்ல தம்பி, ஒடைக்கல, சும்மா தட்டித்தான் பாக்குறேன். உங்க எடைக்கல்லுக்கு ஒண்ணும் ஆகாது, அதுவும் இரும்புதானே. நீங்க உக்காருங்க. கடையில இப்ப ஆளும் இல்ல. ஒரு பொம்பளை நாலு ஸ்பேனரைத் தட்டினா உங்க வியாபாரம் படுத்துறாது. இங்க வாங்க, காதைக் கொஞ்சம் குடுங்க. டிங்ங்… கேட்டுச்சா? இழுத்துக்கிட்டே போகுதுல்ல? இது நல்லது. இந்தப் பக்கம் வைக்கிறேன். இதுவும் நல்லது. இப்ப இதைக் கேளுங்க.

டொக்.

பாத்தீங்களா, உங்க மூஞ்சியே மாறுது. உள்ள விரிசல் தம்பி. கண்ணுக்குத் தெரியாது. மேல பளபளன்னு முலாம் பூசி மூடிட்டாங்கல்ல, தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தாலும் தெரியாது. இதை யாருக்கும் வித்துடாதீங்க. பழைய இரும்புல போட்டுருங்க. நான் சொல்றேன், போட்டுருங்க.

வாங்குறேனா இல்லையாவா? பெட்டியை முடிச்சிடறேன், அப்புறம் அதைப் பேசுவோம். யாருக்கா? எம் பையன் ஃபிட்டர். மாடிக்கு மேல தண்ணித் தொட்டி வைக்கிறாங்கல்ல, அதுக்கு இரும்புல கால் நிறுத்தி போல்ட்டு முடுக்குற வேலை. பெரிய பெரிய போர்டுக்குச் சட்டமும் அடிப்பான். சரி, நீங்க கல்லாவைப் பாருங்க, நான் பாட்டுக்கு இங்க தட்டிக்கிட்டு இருக்கேன்.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? நல்லாக் கேட்டீங்க. இந்த ஸ்பேனர்ல ஒரு பேரு அடிச்சிருக்கு பாருங்க, அந்தக் கம்பெனியிலதான் நான் இருந்தேன். கல்யாணத்துக்கு முன்னாடி சேந்தவ, தலை நரைக்கிற வரைக்கும் அங்கதான். ஆபீஸ்ல இல்ல தம்பி, தட்டுற ரூம்ல. ஆமா, அப்படியே ஒரு ரூம் இருந்துச்சு. பழுக்கக் காய்ச்சி அடிக்கிற இடத்துல காது செத்துப் போவும். அந்தச் சத்தம் வராம இருக்கணும்னு எங்க ரூமுக்குக் கதவு மேல கதவு, சுவர்ல எல்லாம் சாக்கு. உள்ள நாங்க பொம்பளைங்க, ஆளுக்கு ஒரு மேசை, மேசை மேல ஒரு இரும்புக் கட்டை. தட்டுறது, கேக்குறது. நல்லதுன்னா நம்ம குறியைக் குத்துறது, இல்லேன்னா தொட்டியில வீசுறது. அவ்வளவுதான் வேலை.

பேசவே கூடாது. வளையல், மோதிரம் எதுவும் கூடாது. இருமல்னா லீவு போட்டுட்டு வீட்டுக்குப் போயிடணும். என்னைப் போய் அந்த ரூம்ல போட்டாங்க பாருங்க! எங்க மேஸ்திரி சொல்லுவாரு, ஊர்லயே பெரிய வாயாடியைப் பேசாத ரூம்ல உக்கார வச்ச புண்ணியம் என்னைத்தான் சேரும்னு. அன்னிக்கெல்லாம் அடக்கி வச்ச பேச்சைத்தான் இப்ப உங்ககிட்ட பேசித் தீக்குறேன். வீட்டுலயும் பேச ஆளு இல்ல. அவரு இருக்காரு, இல்லாம என்ன. இப்பல்லாம் வாயைத் தொறக்குறதில்ல. ஜன்னல் பக்கமா நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டாருன்னா நான்தான் எழுப்பணும்.

இதுவும் நல்லது. இது… இருங்க, ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா? ம். நல்லதுதான். நல்லா பாடுது.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துருச்சு தம்பி. தட்டு வாங்கினாலும் தட்டுவேன், குடம் வாங்கினாலும் தட்டுவேன். எம் பையன் நடக்க ஆரம்பிச்சதுலேருந்து கரண்டியை எடுத்துக்கிட்டு என் பின்னாடியே அலைவான். அலமாரி, கதவு, சோத்துப் பானை, ஒண்ணை விட மாட்டான். ஒரு நா அவங்கப்பா அசந்து தூங்குறாரு. அவருக்கு அப்பவே முடி கொட்டி மண்டை வழுக்கை. இவன் போயி நிதானமா ரெண்டு தட்டு தட்டிட்டு, காதை வச்சுக் கேட்டுட்டு, அம்மா, அப்பா விரிசல்மான்னான். சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறு புண்ணாயிருச்சு. அவரு எந்திரிச்சு அடிக்கத் துரத்துறாரு, இவன் என் சேலைக்குள்ள. விரிசல், விரிசல்னு கத்துறான்.

பெரியவன் ஆயி வேலைக்குப் போனப்புறமும் அப்படித்தான். அம்மா கம்பெனி சாமான்தான் வாங்குவேன்னு நிப்பான். அதுலயும் என் குறி இருக்கான்னு தேடுவான். கடைக்காரங்க எல்லாம் அவனைக் கண்டா, தட்டுறவன் வர்றான்டா, எல்லாத்தையும் எடுத்து உள்ள வைங்கடாம்பாங்க. கிண்டலுக்குத்தான். நல்ல பையன், யாருக்கும் கோவம் வராது அவன் மேல.

குறியா? அது சின்ன உளி மாதிரி ஒண்ணு, முனையில உருவம் இருக்கும். பக்கத்து மேசைக்காரிக்குப் புள்ளி. மூக்குக்கண்ணாடி போட்டிருப்பா, சோடாபுட்டின்னு கூப்பிடுவோம், அவளுக்குப் பெருக்கல் குறி. எனக்குப் பிறை. யார் விட்டதுன்னு பின்னாடி தெரியணும்ல, அதுக்காக. ஒரு சாமான் ஒடஞ்சு திரும்பி வந்துச்சுன்னா மேஸ்திரி அதைக் கொண்டாந்து அந்த மேசையில வைப்பாரு. திட்ட மாட்டாரு, ஒரு வார்த்தை பேச மாட்டாரு. வச்சிட்டுப் போயிடுவாரு. அது அங்கேயே கெடக்கும், நாம அதைப் பாத்துக்கிட்டே வேலை செய்யணும். என் மேசைக்கு ஒண்ணுகூட வந்ததில்ல. பெருமைக்குச் சொல்லல. பயம் தம்பி, அப்படி ஒரு பயம்.

அப்புறம் என்ன, பெரிய முதலாளி போனாரு, பிள்ளைங்க வந்தாங்க. பேரை வித்துட்டாங்க. ஆமா, பேரை மட்டும். கட்டடம் வேணாம், நாங்க வேணாம், பேரு போதும்னு எங்கேயோ கடல் தாண்டி ஒருத்தர் வாங்கிட்டாரு. மெஷினைக் கழட்டி ஏத்துனாங்க. கடைசியில கோட்டுப் போட்ட ரெண்டு பேரு எங்க ரூமுக்கு வந்து, மாதிரிக்கு வேணும்னு ரகத்துக்கு ஒண்ணா எடுத்தாங்க. என் மேசையிலேருந்துதான் எடுத்தாங்க. எண்ணெய்க் காகிதத்துல சுத்தி, குழந்தையைத் தூக்குற மாதிரித் தூக்கிட்டுப் போனாங்க. எனக்கு அன்னிக்கு அழுகையும் வந்துச்சு, உள்ளுக்குள்ள கொஞ்சம் கர்வமாவும் இருந்துச்சு. நாம தட்டினதைப் பாத்துதானே அங்க செய்யப் போறாங்கன்னு.

டொக். இதோ இன்னொண்ணு. இதையும் தள்ளி வைங்க. அங்க இல்ல, நல்லதோட கலந்துடும். உங்க காலுக்குக் கீழ போட்டுக்குங்க.

அங்க இருக்கிற ஜனங்க மேல எனக்கு வருத்தம் இல்ல தம்பி. அவங்களும் வயித்துக்குத்தான் செய்யுறாங்க. என்னை மாதிரி ஒருத்தி அங்கயும் இருப்பா, தட்டச் சொல்லியிருந்தா என்னைவிட நல்லாவே தட்டியிருப்பா. தட்டுற ரூமே வேணாம்னுட்டானுங்க, அதான். இரும்பும் இது வேற இரும்பு. கையில எடுத்தாலே தெரியுது, லேசா இருக்கு. பேரு மட்டும் அதே பேரு, எழுத்து மட்டும் அதே எழுத்து.

இதைத் திருப்பிப் பாருங்க. பிடிக்குக் கீழ, ஓரமா. தெரியுதா? பிறை.

என்னுதுதான். ஆனா நான் குத்தினதில்ல. நான் குத்தினா ஒண்ணு கொஞ்சம் மேல இருக்கும், ஒண்ணு கொஞ்சம் கீழ இருக்கும். மணிக்கட்டு என்ன மெஷினா? இதுல ரெண்டை எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. அதே இடம், அதே சாய்வு. பெட்டி முழுக்க அப்படித்தான். மாதிரிக்குக் கொண்டுபோன ஸ்பேனரை வச்சு அப்படியே அச்சு எடுத்திருக்கானுங்க. பிறையும் கம்பெனி சின்னம்னு நெனச்சிருப்பானுங்க போல. இப்ப நல்லதுலயும் பிறை, சொத்தையிலயும் பிறை. எந்தெந்த ஊர்லயோ, எந்தெந்தக் கடையிலயோ, நான் தட்டாத ஸ்பேனர் எல்லாம் நான் தட்டினதா சொல்லிக்கிட்டுக் கெடக்கு.

எனக்கும் தெரியாதுதான் தம்பி. ஒடஞ்சது ஒண்ணு என் கைக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. அதுல பிறையைப் பாத்ததும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. இதை எப்ப தட்டினேன், எப்படிக் கோட்டை விட்டேன், அன்னிக்குக் காய்ச்சலா, யாராச்சும் கதவைத் தொறந்தாங்களா… யோசிச்சு யோசிச்சுப் பைத்தியம் பிடிக்காத குறை. கடைசியில ஒரு கடையில போயி நின்னேன். வரிசையாத் தொங்குது, அத்தனையிலயும் பிறை. அப்பத்தான் புரிஞ்சுது, நான் விட்டதில்லன்னு. புரிஞ்சு என்ன செய்ய. நெஞ்சு ஆறலையே.

அதுலேருந்து இப்படித்தான். பஸ் ஏறிப் போவேன், கடை தெரிஞ்சா இறங்குவேன். சில பேரு உள்ளயே விட மாட்டாங்க. ஒருத்தர் போலீசைக் கூப்பிடுவேன்னாரு. கூப்பிடுங்க, அவங்களுக்கு என்னைத் தெரியும்னேன். நீங்க பரவால்ல, ஃபேனையே நிறுத்துனீங்க. நல்லா இருப்பீங்க.

இதான் கடைசி. டிங்ங்… நல்லது. முடிஞ்சுது.

அட, எதுக்குப் பொட்டலம் கட்டுறீங்க? பையனுக்கா? காசு வேணாமா? உங்க மனசு பெரிசு தம்பி. ஆனா வேணாம், வைங்க. அவனுக்கு இனிமே ஸ்பேனர் எதுக்கு.

நான்தான் சொன்னேனே, மாடி மேல தொட்டிக்குக் கால் நிறுத்துற வேலைன்னு. ஓரமா நின்னு, ஒடம்பு பூராவும் பின்னால சாச்சு முடுக்கியிருக்கான். அந்த வேலையை அப்படித்தான் செய்யணும். ஸ்பேனர் ரெண்டாப் போச்சு. பாதி போல்ட்டுலயே நின்னுருச்சு. மீதி அவன் கையில இருந்துச்சு. கீழ விழுந்தப்புறமும் கையை விடலையாம். ஸ்டேஷன்ல அதைத்தான் ஒரு பையில போட்டு என்கிட்ட குடுத்தாங்க. இதோ, மடியிலயே வச்சிருக்கேன். தொடாதீங்க, கீறிடும். பிறை தெரியுதுல்ல?

வரிசையாத் தொங்குதுன்னு சொன்னேன்ல, அது அவன் வாங்கின கடைதான், அங்கதான் மொதல்ல போனேன். சண்டை போடத்தான் போனேன். அந்த மனுசன் என்னைப் பாத்ததும் அழுதுட்டாரு. உங்க பையன் வந்தா எல்லாத்தையும் தட்டித் தட்டி எங்க உசுரை எடுப்பான், அன்னிக்கு மட்டும் தட்டவே இல்லம்மான்னாரு. எடுத்தானாம், திருப்பிப் பாத்தானாம், சிரிச்சானாம். பழைய சரக்குண்ணே, எங்கம்மா தட்டினதுன்னு சொல்லிட்டு அப்படியே பையில போட்டுக்கிட்டானாம்.

சரி, அழாதீங்க தம்பி. யாராச்சும் கடைக்கு வந்துடப் போறாங்க. பரண்ல இன்னொரு பெட்டி தெரியுதே, அதையும் இறக்கிக் குடுங்க. நான் ஸ்டூலைப் பிடிச்சுக்குறேன். பாத்து ஏறுங்க.