சட்டப்படி வீட்டில் இருந்தவர்

இல்ல சார், அந்த ஸ்விட்ச் வேணாம். ஜன்னல்கிட்ட இருக்கு பாருங்க, அதப் போடுங்க. ஆங், அதுதான். நீங்க முதல்ல தொடப் போனீங்களே, இது கெட்டுப் போகல, போட்டா நல்லாத்தான் எரியும். நாங்கதான் தொடறதில்ல. வேணும்னா கிட்டப் போய்ப் பாருங்க. சுத்தி நீலமா இருக்கா? என் வீட்டுக்காரரு வேலை விட்டு உள்ள வந்ததும் முதல்ல அதத்தான் அழுத்துவாரு. தேய்ச்சுப் பாத்தேன் ஒரு காலத்துல, போகல. இப்ப வீட்டுக்காரம்மா வெள்ளையடிக்க ஆள் அனுப்பினப்ப, இந்த ஒரு ஜாண் எடத்த விட்டுட்டு அடிங்கன்னு சொன்னேன். அந்த ஆளு என்னை ஒரு மாதிரியா பாத்துட்டு அப்படியே விட்டுட்டுப் போயிட்டான்.

உக்காருங்க. லேபர் ஆபீஸ்ல இருந்து வர்றாங்கன்னதும் நான் வயசான ஆளா இருக்கும்னு நெனச்சேன், தப்பா எடுத்துக்காதீங்க. முன்னாடி வந்தவரு அப்படித்தான். வாசல்லயே நின்னுகிட்டு உன் புருஷன் குடிப்பானா, கடன் இருந்துச்சா, கம்பெனி மேல கோவம் கீவம் உண்டான்னு கேட்டாரு. இல்ல, இல்ல, இல்லன்னேன். கிளம்பிட்டாரு. நீங்க உக்காந்தீங்க பாருங்க, அதுவே பெருசு. பேனாவ இப்ப எடுக்க வேணாம், எடுன்னு நானே சொல்றேன். பொண்ணு டியூஷன் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள சொல்லிடணும்.

சாயப்பட்டறைக் கம்பெனி என்ன சொல்லுதுன்னு உங்களுக்குத் தெரியும். வேலை முடிஞ்சு மெஷின்ல விரல் வெச்சுட்டு வெளிய போயிட்டாரு, அப்புறம் பின்பக்கக் கதவு வழியா திருட்டுத்தனமா உள்ள வந்து நூல் கோன எடுக்கப் பாத்தாரு, சாயத் தொட்டிக்கிட்ட மயங்கி விழுந்து நெஞ்சு நின்னு போச்சு. அதாவது வேலையில சாகல. திருடப் போன எடத்துல செத்தாரு. கிளாஸ்ல ஒருத்தி என் பொண்ணுகிட்ட கேட்டிருக்கா சார், உங்கப்பா எத்தனை கோன் எடுத்தாருடீன்னு. இவ வீட்டுக்கு வந்து பைய கூட இறக்கி வெக்காம கேக்கறா, அம்மா, எடுத்தாரான்னு. எடுக்கலடின்னேன். உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா. எனக்குத் தெரியும். ஆனா எப்படித் தெரியும்னு அவகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. பணம் கொடுத்தா கொடுக்கட்டும், கொடுக்காட்டி போகட்டும். வேலை செஞ்சுகிட்டிருக்கும்போது செத்தாருன்னு உங்க பேப்பர்ல வரணும். அத அவ கையில கொடுத்துப் படிக்கச் சொல்லணும் எனக்கு.

உங்க ஆபீஸ்லயும் விரல் மெஷின்தானே? நீங்க எத வெப்பீங்க? கட்ட விரலா. சரி சரி, சும்மாதான் கேட்டேன்.

ஒரு ஆள்கிட்ட ஒரு நாளைக்கு இவ்வளவுதான் வேலை வாங்கலாம்னு சட்டம் இருக்காமே. அதுக்கு மேல வாங்கினா ரெட்டைச் சம்பளம். ரெட்டைச் சம்பளம் கொடுத்தாலும் அதுக்கும் ஒரு எல்லை உண்டாம். உங்களுக்குத் தெரியாததா. பட்டறையிலயும் சுவத்துல நோட்டீஸா ஒட்டியிருந்தாங்களாம். இவரு அதுக்கு மேலதான் சாப்பாட்டுப் பைய மாட்டுவாரு, ஆணி அங்கதான் இருந்துச்சுன்னு சொல்வாரு.

அங்க பழக்கம் என்னன்னா, ஆறு மணிக்கு மணி அடிச்சதும் எல்லாரும் கேட்டுக்கிட்ட வரிசையா வந்து விரல் வெக்கணும். மெஷின் ஒரு பொம்பளைக் குரல்ல நன்றின்னு சொல்லும். அதக் கேட்டுகிட்டு வெளிய போயி, ஒரு சுத்து சுத்தி, பின்பக்கக் கதவு வழியா திரும்பவும் தொட்டிக்கு வந்துடணும். ஆமா சார், எல்லாரும்தான். அதே கதவுதான். அத்தனை பேரும் தினமும் போற வழி இவரு ஒருத்தருக்கு மட்டும் திருட்டு வழி ஆயிடுச்சு. நன்றி சொன்னதுக்கு அப்புறம் செய்யற வேலை கணக்குலயே கிடையாது. கையில ஏதோ கொடுப்பாங்க, அது ரெட்டையும் இல்ல, ஒத்தையும் இல்ல.

இவரு அத வெச்சு என்னைக் கிண்டல் பண்ணுவாரு. பொழுது போயிடுச்சே, இன்னும் காணோமேன்னு போன் பண்ணினா, என்னடி, நான் ஆறு மணிக்கே வந்துட்டேனே, சட்டப்படி நான் வீட்டுலதான் இருக்கேன், நல்லா தேடிப் பாரும்பாரு. கட்டில்ல படுத்திருப்பேன், காபி போட்டுக் கொடும்பாரு. பின்னாடி தொட்டி கொதிக்கற சத்தம் கேக்கும். அப்ப நானும் சும்மா இருக்க மாட்டேன், வீட்டுல இருக்கற ஆளு உங்கள விட நல்லவரு, பாத்திரம் கூட விளக்கித் தர்றாருன்னு சொல்வேன். சிரிப்பாரு. அந்தப் பேச்சு எப்படி வந்து நிக்குது பாருங்க.

இப்ப ஆறு மணியானா என்னால ஒரு எடத்துல இருக்க முடியல சார். மெஷின் சொல்லுதுல்ல, வெளிய வந்துட்டாருன்னு? அப்படின்னா வீட்டுக்கு வந்தாகணும்ல? யாரோ படி ஏறி வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கற மாதிரியே இருக்கு. நேரத்தோட வேலை முடிஞ்சு, களைப்பில்லாம, சட்டைப் பொத்தான் போட்டுகிட்டு. அப்படி ஒரு மனுஷன நான் பாத்ததே இல்ல. அவரு தினமும் வர்றாரு. கதவத் தொறக்கறேன், ஆள் இல்ல. பைத்தியம்னு நெனைச்சுக்காதீங்க, எனக்கு அறிவு இருக்கு. ஆனா தொறக்காம இருக்க முடியல. செத்தவரு நினைப்பு வந்தா அழுதுட்டுப் போயிடலாம். இது சாகாத ஆளு. இவரு வர்றது நிக்கணும்னா, அவரு அன்னிக்கு வெளிய வரவே இல்லன்னு யாராவது எழுதணும்.

ம்? வர்றேன், அதுக்குத்தான் வர்றேன்.

சாயத் தொட்டியில வேலை செய்யறவங்க கைய நீங்க பாத்திருக்கீங்களா? மணிக்கட்டு வரைக்கும் நீலம். கையுறை உண்டு, யாராவது பார்வையிட வந்தா போட்டுக்கச் சொல்லிக் கொடுப்பாங்க. நீலக் கைய மெஷின் ஏத்துக்காது. அதனால கேட்டுக்கிட்ட ஒரு பாட்டில்ல மருந்துத் தண்ணியும் ஒரு துணியும் வெச்சிருப்பாங்க. தொட்டு ஒரு விரல் நுனிய மட்டும் அழுத்தித் துடைச்சா அங்க மட்டும் சாயம் விடும், தோலும் சேந்து உரியும். உள்ள போயி நூலத் தொட்டதும் மறுபடி நீலம். வீட்டுக்கு வரும்போது பத்து விரலும் நீலமாத்தான் வரும். சோறு பிசையும்போது பாத்துப் பாத்து எனக்கு அத்துப்படி.

இவருக்குத் துடைச்சுத் துடைச்சு வலது கை ரேகையே அழிஞ்சு போச்சு. எத வெச்சாலும் மெஷின் மறுபடி முயற்சி செய்யவும், மறுபடி முயற்சி செய்யவும்னு சொல்லுமாம். பின்னாடி நிக்கறவங்க எல்லாம், யோவ், ராத்திரி முழுக்க இங்கயே நிக்கப் போறியான்னு கத்துவாங்களாம். ஆபீஸ்ல இருந்த கம்ப்யூட்டர் பையன் கடைசியில இடது கை மோதிர விரலப் பதிச்சுக் கொடுத்தான். மத்தவங்க எல்லாம் வலது கை ஆள்காட்டி. அன்னிக்கு வந்து சொல்றாரு, மோதிரம் போடத்தான் வக்கில்ல, இந்த விரல் எதுக்காவது உதவட்டும்னு. அந்தப் பையனும் வேலைய விட்டுட்டுப் போயிட்டான். அப்புறம் எந்த விரல்னு தெரிஞ்சது இவருக்கும் எனக்கும்தான்.

கடைசியா அவரு வீட்ட விட்டுப் போனது செத்த அன்னிக்கு இல்ல சார், அதுக்கு முந்தின நாள் காலையில. அவசர ஆர்டர்னு ராத்திரியும் அங்கயே நிறுத்திட்டாங்க. மறுநாள் பகல்லயும் விடல. மத்தியானம் போன்ல பேசினாரு, குரலே சரியில்ல. கண்ணுக்கு முன்னாடி தொட்டி நகருதுன்னாரு. விட்டுட்டு வாங்கன்னேன். நூல் தொட்டியில இருக்குடி, நடுவுல விட்டா திட்டுத் திட்டா போயிடும், ஆறு மணிக்கு வந்துடறேன்னாரு. நெஜமாவா, சட்டப்படியான்னு கேட்டேன். நெஜமாவேன்னாரு. அதுதான் கடைசிப் பேச்சு.

பொழுது சாஞ்சப்புறம் என் கொழுந்தன் போன் பண்ணினான். அவனும் அங்கதான், பேக்கிங்ல இருக்கான். அண்ணி, அண்ணனுக்கு முடியல, ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்கன்னான். நான் போனப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. அங்க ஒரு நர்ஸம்மா, துணி சுத்தறதுக்கு முன்னாடி மூஞ்சி கையத் துடைச்சு விடறியாம்மான்னு கேட்டாங்க. கொழுந்தன் பக்கெட்ட பிடிச்சுகிட்டு நின்னான். மூஞ்சியத் துடைச்சேன். கழுத்தத் துடைச்சேன். கைய எடுத்தப்ப அவன் பக்கெட்ட கீழ வெச்சுட்டு வெளிய போயிட்டான். இன்னிக்கு வரைக்கும் அவன்கிட்ட நான் எதுவும் கேக்கல. கேட்டா சொல்லிடுவான், அதுதான் பயம். அவனும் ரெண்டு பிள்ளைங்கள வெச்சுகிட்டு அங்கதான் வேலைக்குப் போறான். அண்ணி, விட்டுடுங்க அண்ணின்னு மட்டும் சொல்றான். நர்ஸம்மா இருக்காங்க, அதே ஆஸ்பத்திரிதான். அவங்களும் பாத்தாங்க. இது என்னம்மா இப்படின்னு கூட கேட்டாங்க. நீங்க போய்க் கேளுங்க.

மெஷின் கணக்குல மத்தவங்க எல்லாம் ஆறு மணிக்கு வெளிய வந்த மாதிரி இருக்கு, இவரு பேரு மட்டும் கொஞ்சம் தள்ளி வருதுன்னு போன்ல நீங்களே சொன்னீங்கல்ல? கை கால் கழுவ நேரமாயிருக்கும்னு கம்பெனி சொல்லுது. நேரம் ஆச்சு, வாஸ்தவம்தான். இப்ப பேனாவ எடுங்க சார்.

வலது கை ஆள்காட்டி விரல் நுனி வெளுத்திருந்துச்சு. சரி, அவங்க மெஷினுக்குத் துடைக்கற விரல்தானேன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா கட்ட விரலும் வெள்ளை. நடு விரல், மோதிர விரல், சுண்டு விரல், அஞ்சு நுனியும் துடைச்சு வெச்ச மாதிரி. இடது கைய எடுத்தேன். கட்ட விரல் வெள்ளை. ஆள்காட்டி வெள்ளை. நடு விரல் வெள்ளை. மோதிர விரல் வெள்ளை. சுண்டு விரல் மட்டும் நீலமாவே இருந்துச்சு. அதுக்கு வேலை வரல.

நான் கேட்ட உடனே நீங்க யோசிக்காம கட்ட விரல நீட்டினீங்க. அவருக்குத் தெரியாதா சார், தன் விரல் எதுன்னு? உயிரோட இருந்திருந்தா அந்த ஒரு விரலத்தான் துடைச்சிருப்பாரு. ஒவ்வொரு விரலா மெஷின்ல வெச்சுத் தேடினது அவரு இல்ல.

கீழ கேட் சத்தம் கேக்குது, பொண்ணுதான். நிறுத்தாதீங்க, எழுதுங்க. அவளும் உக்காந்து கேக்கட்டும்.