பன்னிரண்டாவது ரீடிங்

கரித்தூள் கலந்த காற்றிலும் கம்பீரம் குறையாமல் இந்த மேடையின் நடுவே வீற்றிருக்கும் தலைவர் சாலமோன் ஐயா அவர்களே! ஷிப்டை மாற்றிக் கொடுத்துவிட்டு, வியர்வை உலராமல் வந்து அமர்ந்திருக்கும் மணலிச் சாலைத் தோழர்களே! நாற்காலி பற்றாது என்று முன்கூட்டியே கணித்து, வீட்டிலிருந்து ஸ்டூலைத் தூக்கி வந்திருக்கும் விம்கோ நகர்த் தாய்மார்களே! தண்டையார்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து, என்னை எங்கே மடக்கலாம் என்று பேனாவைத் திருகிக்கொண்டிருக்கும் எதிரணிப் பேச்சாளர்களே! மூன்றாம் வரிசையின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் ஷிஜி அக்கா அவர்களே! அதே வரிசையின் மறு ஓரத்தில் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கும் தாயம்மா அவர்களே! உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

விளித்து முடிக்கவே ஒரு நிமிடம் போய்விட்டது. எனக்குப் பொறுமை குறைவு. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் படிப்பகம் அச்சடித்த நோட்டீஸை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 'மனநிலை பிறழ்ந்தவர் செய்த கொலைக்குத் தண்டனை வேண்டுமா, வேண்டாமா?' என்பது தலைப்பு. 'வேண்டும்' என்ற அணியில் முதல் பெயர் என்னுடையது: அசோகன், கருவிகள் பிரிவு டெக்னீஷியன். அச்சில் ஏறிய பெயரை இனி அழிக்க முடியாது. ஆனால் வாதத்தைத் தொடங்கும் முன் உங்களிடம் ஒரு கேள்வி. இந்த நிமிடம், உட்கார்ந்திருக்கும் இந்த இடத்தில், உங்களில் யாருக்காவது காஸ் வாசனை அடிக்கிறதா? அடித்தால் கையைத் தூக்குங்கள்.

ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு... அடடா, எதிரணியிலும் ஒரு கை! பின்னாலிருந்து நீலச் சட்டைக்காரர் ஒருவர் சொல்கிறார்: "இன்னா நைனா புச்சா கேக்குற? நான் பொறந்ததுலேர்ந்தே அடிச்சிகினுதான் கீது!"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். வேறு ஊரில் ஒருவன் மூன்று மாதம் ஓயாமல் 'காஸ் நாறுகிறது, காஸ் நாறுகிறது' என்று சொன்னால் என்ன செய்வார்கள்? என்னப்பா உனக்கு என்று பக்கத்தில் உட்கார்ந்து விசாரிப்பார்கள். நம் ஊரில்? 'ஆமாம்ப்பா' என்று மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்துவிடுவோம். அப்படி ஆமாம் சொல்லிச் சொல்லியே ஒரு மனிதனின் நோயைக் கோட்டைவிட்டோம். இன்னொரு மனிதனின் உயிரையும் கோட்டைவிட்டோம்.

தெரியாதவர்களுக்காக வழக்கைச் சொல்கிறேன். நான் வேலை பார்க்கும் ரசாயன ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே காஸ் வாசனை என்று யார் சொன்னாலும், மீட்டரோடு அந்த இடத்துக்குப் போய் ரீடிங் பார்த்து, ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஜெயவேல் அங்கே பதினான்கு வருடமாக பைப் ஃபிட்டர், வியாசர்பாடிக்காரர், தாயம்மாவின் தம்பி. டென்னிஸ் எங்கள் ஸ்டோர் கீப்பர். ஷிஜி அக்காவின் கணவர். இருவருக்கும் பகை உண்டா? பணத் தகராறு உண்டா? ஒரு நாளாவது ஒருவரை ஒருவர் முறைத்தது உண்டா? ஷிஜி அக்கா கொடுத்தனுப்பும் மீன் குழம்பில் பாதி ஜெயவேலுக்குத்தான் போகும். "தோஸ்து, முள்ளு கீது, பாத்துத் துன்னு" என்று டென்னிஸுக்கே முள் எடுத்துக் கொடுப்பார் ஜெயவேல்.

போன ஆண்டு செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை. சாப்பாடு முடிந்த நேரம். டென்னிஸ் ஸ்டோரில் சாக்குகளின் மேல் படுத்துக் கண்ணயர்ந்திருந்தார். அவருக்கு இழுப்பு உண்டு; தூங்கும்போது மூச்சு உஸ்ஸென்று சத்தம் போடும். ஜெயவேல் பெரிய ஸ்பானரோடு உள்ளே போனார். டென்னிஸ் உயிரிழந்தார். இதற்கு மேல் நான் வர்ணிக்க மாட்டேன். மூன்றாம் வரிசையில் அவர் மனைவி இருக்கிறார்.

அன்று மூண்ட ஆத்திரம் உங்களுக்கு நினைவிருக்கும். ஜெயவேலுக்கு மனநோய் என்று அவர் தரப்பில் சொன்னதுமே டீக்கடைதோறும் ஒரே பேச்சு: "பைத்தியம்னு ஒரு சீட்டு வாங்கிகினு வூட்டுக்குப் பூடுவான் மாமு, நீ பாத்துகினே இரு!" அந்தப் பேச்சுக்கு எண்ணெய் ஊற்றியவன் யார்? இதோ நிற்கிறேனே, நான்தான்! பொங்கல் விழாவில் இதே மைக்கைப் பிடித்து, 'பைத்தியம் என்ற பெயரில் தப்பவிடாதே, அந்தச் சட்டத்தையே தூக்கு' என்று முழங்கினேன். மனு எழுதி நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினேன். முதல் கையெழுத்து என்னுடையது. நீங்கள் கைதட்டினீர்கள், நான் பூரித்தேன். சட்டத்தைப் படித்தேனா? இல்லை. ஒரு பம்பு வந்து இறங்கினால்கூட, அதோடு வரும் புத்தகத்தைப் படிக்காமல் சுவிட்சைத் தொடாதவன் நான். ஒரு மனிதனின் ஆயுளில் கைவைத்தபோது ஒரு வரி படிக்கவில்லை.

பிறகு படித்தேன். பழைய தண்டனைச் சட்டத்தில் எண்பத்து நான்காம் பிரிவு. புதிய சட்டத்தில் இருபத்திரண்டு. ஒரே ஒரு வாக்கியம். அது என்ன கேட்கிறது? இவன் பைத்தியமா என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு உண்டா என்று கேட்கவில்லை. அந்தச் செயலைச் செய்த அந்த நேரத்தில், மனநோயின் காரணமாக, தான் செய்வது இன்னதென்று அறிய முடியாமல் இருந்தானா? அல்லது அது தவறு, சட்டத்துக்கு விரோதம் என்று அறிய முடியாமல் இருந்தானா? இவ்வளவுதான் கேள்வி. இதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. அறிவது என்றால் என்ன? ஸ்பானரைப் பிடிக்கக் கைக்குத் தெரிந்திருந்தது. ஸ்டோருக்குப் போகக் காலுக்குத் தெரிந்திருந்தது. எதிரே படுத்திருப்பது தன் தோஸ்து என்று ஜெயவேலுக்குத் தெரிந்திருந்ததா? அதைக் காட்டும் மீட்டர் எந்தக் கம்பெனியில் தயாராகிறது?

அதை நிரூபிக்கும் சுமை யார் தலையில்? குற்றம் சாட்டப்பட்டவர் தலையில்! உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கும் அன்று தெரியாது.

முன்வரிசையில் பூவம்மா அக்கா எழுந்துவிட்டார். "நிரூபிச்சிட்டா வுட்ருவாங்களா? நாளைக்கு வந்து எம் புள்ள மண்டைய ஒடச்சா யார் கேப்பா?" நியாயமான கேள்வி அக்கா. கதவைத் திறந்து 'போய் வா' என்று அனுப்பிவிடுவதில்லை. செயலைச் செய்தது இவர்தான் என்று தீர்ப்பிலேயே எழுதுவார்கள். பிறகு பாதுகாப்பான இடத்தில் சிகிச்சையில் வைக்க நீதிமன்றம் உத்தரவிடும். அல்லது, இவரால் யாருக்கும் தீங்கு வராது என்று உறவினர் உறுதி கொடுத்தால், அதை ஆராய்ந்து அவரிடம் ஒப்படைக்கும். அந்தச் சிகிச்சை ஒழுங்காக நடக்கிறதா, யார் கண்காணிக்கிறார்கள் என்று நீங்கள் கேளுங்கள். நானும் சேர்ந்து கேட்கிறேன். உங்கள் பயம் பொய்யில்லை.

போன மாதம் தாயம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "தம்பி, அவன் வூட்லயும் காஸ் வருதுன்னு ஜன்னல்ல ஈரத் துணிய அடச்சிகினுதான் படுப்பான். நம்ம பக்கம் எல்லாருக்கும் இருக்கறதுதானேன்னு வுட்டுட்டோம். ஒரு டாக்டரு சீட்டு இல்ல எங்க கையில. உன்கிட்ட எத்தினி வாட்டி வந்து சொன்னான்? அத்த மட்டும் சொல்லு, போதும்" என்றார்.

ரிஜிஸ்டரைத் திறந்து பார்த்தேன். ஜூலையிலிருந்து பன்னிரண்டு பதிவுகள். ஜெயவேல், காஸ் வாசனை, ரீடிங் பூஜ்யம், புகார் முடிந்தது. ஜெயவேல், காஸ் வாசனை, ரீடிங் பூஜ்யம், புகார் முடிந்தது. மீட்டர் பொய் சொல்லவில்லை. ஜெயவேலும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் கோளாறு எங்கே? காலியான குழாயில் ஒரு கருவி அழுத்தம் காட்டினால், விடமாட்டேன் நான். கழற்றிப் பார்க்காமல் சோறு இறங்காது எனக்கு! ஒரு மனிதர் பதினோரு முறை காட்டினார். 'புகார் முடிந்தது' என்று எழுதினேன்.

பதினோரு முறை என்றேன். பதிவோ பன்னிரண்டு. எதிரணியில் கூர்மையான காதுகள் இருக்கின்றன, குறித்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

பன்னிரண்டாவது பதிவு, அந்த வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு நாற்பது. ஞானம் என்ற லோடுமேன் ஸ்டோருக்குள் போய் டென்னிஸைப் பார்த்து அலறியது மூன்று ஐந்துக்கு. ஆக, எல்லாம் நடந்த பிறகு ஜெயவேல் எங்கே போனார்? ஓடினாரா? ஒளிந்தாரா? ஆலைக் கதவைத் தாண்டினாரா? நேராக என் மேஜைக்கு வந்தார். வந்து சொன்னார்: "சார், அந்த வால்வ மூடிட்டேன். உஸ்ஸுன்னு வந்துகினு இருந்துச்சில்ல, இனிமே வராது. ரீடிங் எட்த்துப் பாருங்க."

நான் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டிய ரிப்போர்ட் ஒன்று இருந்தது. "சரி சரி, போ ஜெயவேல், பேஜார் பண்ணாத" என்றேன். மீட்டரைத் தொடவில்லை. நாற்காலியை விட்டு எழவில்லை. 'ரீடிங் பூஜ்யம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

முறையுங்கள், நன்றாக முறையுங்கள்.

போலீசார் கேட்டபோது என்ன சொன்னேன்? போய்ப் பார்த்தேன், பூஜ்யம் என்றேன். வால்வை மூடியதாக அவர் சொன்ன வாக்கியத்தை விழுங்கினேன். அதைச் சொன்னால், 'எந்த வால்வு என்று போய்ப் பார்த்தாயா?' என்று அடுத்த கேள்வி வருமே! ஆள் எப்படி இருந்தார் என்றார்கள். தெளிவாக இருந்தார் என்றேன். கையில் ரத்தம் இருந்ததா என்றார்கள், இல்லை என்றேன். முகத்தையே பார்க்காதவன் கையைப் பார்த்த கதை! அந்த 'இல்லை'யின் மேல் அரசுத் தரப்பு ஒரு மாளிகையே கட்டிவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு வந்தான், தெளிவாகப் பேசினான், எதுவும் நடக்காததுபோல் வழக்கமான புகாரைச் சொல்லி நாடகமாடினான், ஆகவே தான் செய்தது தவறென்று அறிந்தவன். எவ்வளவு அழகான வாதம்! அதன் அஸ்திவாரம் நான். சட்டம் தேடுகிறதே 'அந்த நேரம்', அதற்குப் பிறகு ஜெயவேல் வாயைத் திறந்து பேசிய முதல் ஆள் நான். அதைக் கேட்ட ஒரே காது என்னுடையது. அந்தக் காதை நான் பொத்திக்கொண்டேன்.

"இத்தினி நாளா வாய மூடிகினு இருந்துட்டு இப்ப இன்னாடா? எறங்குடா கீய!" என்கிறார் ஒருவர். இறங்குகிறேன் அண்ணே. இந்தக் கோபம் எனக்கு வர வேண்டியதுதான். முடித்துவிட்டு இறங்குகிறேன்.

திங்கட்கிழமை காலை நான் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். நான் அங்கே சொல்லப்போவதை ஷிஜி அக்கா முதன்முதலாக அங்கே வைத்துக் கேட்கக் கூடாது. அதனால் இன்று காலை அவர் மளிகைக் கடைக்குப் போனேன். பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கவில்லை. பிறகு அவருடைய தூத்துக்குடிப் பேச்சில் ஒரே கேள்வி கேட்டார்: "அன்னைக்கு நீ ஏறிட்டுப் பாத்திருந்தா, அவுக பொழைச்சிருப்பாகளா?"

தெரியாது என்றேன். இருபத்தைந்து நிமிடம் இருந்தது, அதை வீணாக்கியவன் நான், அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்றேன். பருப்பு வாங்க வந்தவர் காத்திருந்து காத்திருந்து போய்விட்டார். அப்புறம் அக்கா சொன்னார்: "ஜெயவேல மன்னிச்சிருங்கன்னு எங்கிட்ட கேட்டுராத. ஒன்னையும் என்னால மன்னிக்க முடியாது. ஆனா, மைக்கப் புடிச்சு அவுக பேரச் சொல்லித்தான கையெழுத்து வாங்குன? அதே மைக்குல இதையும் சொல்லு."

சொல்லிவிட்டேன் அக்கா.

தலைவர் மணியடிக்கக் கையை ஓங்கிவிட்டார். ஒரே நிமிடம் ஐயா. நான் எந்த அணி என்று கேட்பீர்கள். ஜெயவேல் தண்டனைக்கு உரியவரா? எனக்குத் தெரியாது. நான் மருத்துவனும் இல்லை, நீதிபதியும் இல்லை. 'வால்வை மூடிவிட்டேன்' என்றதையே நடிப்பு என்று நீதிமன்றம் முடிவு செய்யலாம். செய்யட்டும்! ஆனால் அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும்! என்னைப் பிறழ் சாட்சி என்பார்கள்; சொல்லட்டும்! பொய்ப் பதிவு எழுதியதற்கு வேலை போகும், போகட்டும்! பன்னிரண்டாவது ரீடிங்கை நான் எடுக்கவில்லை என்று திங்கட்கிழமை சொல்வேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கவில்லை, என்ன சொன்னார் என்பதைக் கேட்டேன் என்று சொல்வேன்.

மனுவில் என் கையெழுத்தை அடித்துவிட்டேன். மற்ற நானூற்றுப் பதினொன்றும் உங்களுடையவை. அவற்றைத் தொட எனக்கு உரிமையில்லை. வைத்துக்கொள்ள விரும்பினால் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வாக்கியச் சட்டத்தைப் படித்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பூவம்மா அக்காவைப் போல எழுந்து நின்று கேள்வி கேட்டுவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. தொடக்கத்தில் கை தூக்கினீர்களே, எட்டுப் பேர். எனக்கு முகங்கள் நினைவிருக்கின்றன. மீட்டர் என் பையில் இருக்கிறது. இறங்கியதும் ஒவ்வொருவரிடமும் வருவேன். எண் ஏறினால், சேர்ந்து புகார் எழுதுவோம். பூஜ்யம் காட்டினால் பையை மூடிக்கொண்டு போய்விட மாட்டேன். பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துக் கேட்பேன்: எப்போதிலிருந்து இப்படி? தூக்கம் வருகிறதா? வீட்டில் யாரிடமாவது சொன்னீர்களா?

நேரம் தந்த தலைவருக்கும், திட்டிக்கொண்டேயானாலும் எழுந்து போகாமல் கேட்ட உங்களுக்கும், இந்த மைக்கை எனக்கு இரண்டாம் முறை கொடுத்த ஷிஜி அக்காவுக்கும் என் நன்றி. வணக்கம்.

நீலச் சட்டை அண்ணே, எங்கேயும் போய்விடாதீர்கள். முதலில் உங்களிடம்தான் வருகிறேன்.