கன்னியம்மாள் வீட்டுச் சுவரில் அரசு

அரசங்கிளையை வெட்டி நட்டால் வேர் பிடிக்காது என்று பலர் சொல்வார்கள். பிடிக்கும். ஆடி மாதத்தில், விரல் பருமனில், ஒரு சாண் நீளத்துக்குக் கிளை எடுக்க வேண்டும். கணுவுக்குக் கீழே சாய்வாக ஒரே வெட்டு. வடிகிற பாலைத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, மேல் நுனியில் சாணி அப்பி, மணலும் செம்மண்ணும் கலந்த தொட்டியில் செருக வேண்டும். மேலே ஒரு கண்ணாடிப் பாட்டிலைக் கவிழ்த்தால் ஈரம் தங்கும். வேர் வந்துவிட்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்க்கிறவர்களுக்கு அரசு வராது. எனக்குப் பத்துக்கு ஏழு வந்துவிடும்.

என் பெயர் சகாதேவன். தபால் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். செங்கம் ரோட்டுக்குத் தெற்கே எங்கள் வீடு. செடி வைப்பதைத் தவிர எனக்கு வேறு பழக்கம் கிடையாது, வெற்றிலைகூடப் போட்டதில்லை. என் மனைவி ஜோதியம்மாளுக்கு இரண்டு காலும் விளங்காமல் போனபோது, கொல்லைப்புற அறையில் ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டுக் கொடுத்தேன். அங்கிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே மலை முழுசாகத் தெரியும். கார்த்திகை தீபத்தைப் படுத்தபடியே கும்பிடுவாள்.

"கூட்டத்துல நசுங்கிப் பாக்கறவங்களுக்குக்கூட இப்டித் தெரியாதுங்க," என்பாள்.

1974-ல் பக்கத்து வீட்டுத் தசரதன் அந்தப் பழைய சுண்ணாம்பு மதிலின் மேலேயே செங்கல் அடுக்கி, மாடியில் இரண்டு அறை எழுப்பினார். ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவதற்கு. அவர் இடம், அவர் கட்டுகிறார். ஒரு ஓரமாகக் கொஞ்சம் இடைவெளி மட்டும் விடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன்.

"மலை எங்க சார் ஓடிடப் போவுது? தெருவாண்ட வந்து பாருங்க," என்று சிரித்தார். நல்ல மனிதர்தான். நானும் சிரித்தேன்.

அந்த வருஷம் தீபத்தன்று வெடிச் சத்தம் கேட்டதும், ஏற்றிவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டு, ஜோதியம்மாள் சுவரைப் பார்த்துக் கை கூப்பினாள். தை மாதம் அவள் போய்ச் சேர்ந்தாள். அதற்கும் சுவருக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். எனக்குக் கோபமெல்லாம் வராது. கோபம் வந்தால் கை நடுங்கும். கை நடுங்கினால் வெட்டு கோணலாகிவிடும்.

அடுத்த ஆடியில் ஐந்து கிளை வைத்தேன். நாலு வந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும், என் கொல்லைப் பக்கமாக அந்தச் சுவரில் நாலு இடத்தில் காரையைச் சுரண்டி, சாணியும் மண்ணும் அடைத்து, நாலையும் வைத்தேன். பழைய சுண்ணாம்பு என்றால் அரசுக்கு அவ்வளவு பிரியம். சுவரில் அரசு முளைத்திருந்தால் காக்கை போட்ட விதை என்றுதான் யாரும் நினைப்பார்கள். நட்டது யார் என்று கேட்கிற வழக்கம் இந்த ஊரில் இல்லை.

முதல் இரண்டு வருஷம் இலைகளை நானே கிள்ளிக் குட்டையாக வைத்திருந்தேன். வேர் மட்டும் உள்ளே போகட்டும் என்று. எத்தனை சந்தோஷமான நாட்கள் அவை. ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்குப் போய்விடுவேன். ஒரு நாள் ஒரு வேர் சுவரைத் துளைத்து அந்தப் பக்கம் போய், அங்கே செம்பு நிறத்தில் தளிர் விட்டது.

அதைப் பார்த்தது தசரதனின் மனைவி கன்னியம்மாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம், குழந்தை இல்லை. மாடி அறைகள் முடிகிற இடத்தில் மதிலோரம் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, பாத்தீங்களா? எங்க செவுத்துல அரசு மொளச்சிருக்குது. நான் போவாத கோயில் இல்ல. இப்ப சாமியே வூடு தேடி வந்துட்டாரு."

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் ஏதோ போல் ஆனது. கெட்டிக்காரப் பெண். கொழுக்கட்டை செய்தால் எனக்கு ஒரு தட்டு வராமல் இருக்காது.

"தானா வந்தத எடுக்கக் கூடாதும்மா. தெனம் ஒரு சொம்பு தண்ணி ஊத்து," என்றேன்.

ஊற்றினாள். மஞ்சள் பூசினாள். காலையில் குளித்துவிட்டு, சுவரடியில் மணை போட்டு உட்கார்ந்து விளக்கேற்றினாள். தசரதன் இரண்டு தடவை அரிவாளோடு வந்தார்.

"செவுரு பொளந்துடும்டி," என்றார்.

"நான் இருக்கிற வரைக்கும் அதுல கை வெக்கக் கூடாது," என்றாள்.

என்னிடம் வந்தார். "சார், நீங்க செடியெல்லாம் வெக்கறவரு. நீங்களே அவளாண்ட சொல்லுங்க."

"சின்னச் செடிதானே. ஜாஸ்தியாச்சுன்னா பாத்துக்கலாம்," என்றேன். சமாதானமாகப் போனார். கன்னியம்மாளுக்கு நான் ஒரு பை எலும்புத் தூள்கூடக் கொடுத்தேன். அரசுக்கு நல்லது.

இப்படியே எட்டு வருஷம். குழந்தை பிறக்கவில்லை. ஆனால் அவள் சளைக்கவில்லை. சுவரில் என் கை நுழைகிற அளவுக்கு விரிசல் வந்தது. அவள் பக்கம் அதை மஞ்சள் துணி கட்டி மறைத்திருந்தாள்.

1985 ஐப்பசியில் என் மொட்டை மாடி ஒழுகியதால் வேலூரிலிருந்து கொத்தனார் சாந்த் பாஷாவைக் கூப்பிட்டேன். வேலை முடிந்து கொல்லையில் கை கழுவும்போது சுவரைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"சார், இது இந்த மழைக்குத் தாங்காது. மேல ரூம்பு வேற கனக்குது. அவங்களாண்ட இன்னைக்கே சொல்லிடுங்க."

"சொல்றேன் பாய்," என்றேன்.

"நானே சொல்லட்டுமா?"

"நீங்க வேலூர் பஸ்ஸப் புடிங்க. நான் பாத்துக்கறேன்."

மூன்றாவது நாள் காலையில் சுவர் விழுந்தது. மாடி அறை இரண்டும் அதோடு வந்தன. வாடகைக்கு யாரும் இல்லாத சமயம், நல்லகாலம். தசரதன் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். கன்னியம்மாள் மணையில் உட்கார்ந்திருந்தாள். மண்ணை வாரி எடுத்தவர்களில் நானும் ஒருவன். என் கைதான் முதலில் அவள் வளையலைத் தொட்டது. நாலு அரசும் வேரோடு தொங்கின. அதில் ஒன்றைப் பிறகு தொட்டிக்கு மாற்றினேன், பிழைத்துக்கொண்டது.

மழையால் சுவர் இடிந்தது என்று எழுதினார்கள். அந்த வருஷம் ஊரில் எத்தனையோ சுவர். தசரதன் மனையை விற்றுவிட்டு வேங்கிக்கால் பக்கம் போய்விட்டார். வாங்கியவர் இன்னும் கட்டவில்லை. மலை மறுபடியும் நன்றாகத் தெரிகிறது. ஜோதியம்மாளின் கட்டிலில் இப்போது நான் படுத்துக்கொள்கிறேன். நன்றாகத் தூக்கம் வருகிறது. கன்னியம்மாள் பெயரில் பௌர்ணமிதோறும் கிரிவலம் போகிறவர்களுக்கு அரச நாற்று கொடுக்கிறேன். இதுவரை அறுபதுக்கு மேல் இருக்கும். செடி வைத்த கை பாவம் செய்யாது என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். சுவர் சாய்வதை நான் பார்த்தேனா, கூப்பிட்டிருக்க முடியாதா என்று. "பலத்த மழை சார். கூப்பிட்டாலும் கேட்டிருக்காது," என்றேன். எழுதிக்கொண்டார்.

அன்று மழை விடியும் முன்பே விட்டிருந்தது. நல்ல வெயில். நான் மொட்டை மாடியில், அவர்கள் முற்றம் தெரிகிற மூலையில், தொட்டிகளை வெயிலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தேன். சுவரிலிருந்து முதலில் சுண்ணாம்புத் தூள் கொட்டியது, பிறகு சின்னச் சின்னக் கல். மேலே அறை ஒரு விரற்கடை நகர்ந்தது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கன்னியம்மாள் தலையில் விழுந்த தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அண்ணா, மண்ணு உதுருதே. எழுந்துடட்டுங்களா?"

"ஒண்ணுமில்லம்மா. நீ பாட்டுக்கு விளக்க ஏத்து," என்றேன்.

அதையும் நான் அன்பாகத்தான் சொன்னேன்.