அத்தான் சொன்ன சுனை

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் ரயிலில் எனக்கு எதிரே ஓர் அக்காளும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அக்காளின் கைகளில் முள் கீறல்கள்.

"ஏட்டி, உங்க அத்தான் குத்தாலத்து மலை உச்சிக்கு ஏறவே இல்ல," என்றாள் அக்காள்.

"கல்யாணமானதுலயிருந்து அதைத்தான பெருமையாச் சொல்லுதாரு?"

"உச்சியில தாமரைச் சுனை இருக்குன்னாரு. அவரு சிவகிரி போயிருக்கையில தம்பியோட ஏறிப் பாத்துட்டேன். வெறும் பாறைதான்."

"தேனருவிக்கு மேல பாதையே கிடையாதேக்கா."

"அவன் அரிவாளால புதரை வெட்டுனான், நான் தவந்து போனேன்."

தங்கை அந்தக் கையைப் பிடித்துத் தடவினாள். "அத்தான்கிட்டச் சொல்லப் போறியா?"

"சொன்னா மனுசன் ஒடிஞ்சு போவாரு. நாளைக்கும் சுனைக் கதையச் சொல்லுவாரு, நான் சிரிக்காமக் கேக்கணும். மலை ஏறுனதை விட அதுதான் கஷ்டம்."

அவள் நொண்டியபடி இறங்கியபோது எழுந்து வழிவிட்டேன்.

எழுதியது: 1939, ஆடி 12.