மூன்றாவது வெட்டு

கொடைக்கானல் குளிரில் மெழுகு சீக்கிரம் உறைந்துவிடும். திசுவை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றிப் பார்ப்பதுதான் முப்பது வருடமாக என் தொழில். அதனால் மற்றவர்களைப் போல நான் இந்தக் குளிரைத் திட்டியதில்லை. நான் ஓய்வு பெற்றபின் லேபுக்கு வந்த நீங்கள், என் இழுப்பறையில் பேர் எழுதாத ஒரு ஸ்லைடு கிடந்ததாகச் சொன்னீர்கள். யாருடையது என்று கேட்டது நல்லதுதான். உட்காருங்கள், சொல்கிறேன்.

கவுஞ்சியில் பூண்டு போடும் குடும்பம். அண்ணன் வேலப்பன், தங்கை முருகம்மாள். பத்தொன்பது வயதில் அவளுக்கு எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோனது. அதைக் கண்டுபிடித்தவன் நான். கூடப்பிறந்தவரின் மஜ்ஜையை எடுத்து ஏற்றும் சிகிச்சை அப்போதுதான் நம் நாட்டுக்கு வந்திருந்தது. இந்த மலையிலிருந்து அதற்குப் போகும் முதல் ஆள் நான் அனுப்பியதாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசைப்படுவது குற்றமில்லையே.

வேலப்பன்தான் தயங்கினான். “எம் மஜ்ஜை அவளுக்கு ஒத்துக்காமப் போயிருமாங்கய்யா?”

“தானாடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க. அண்ணன் மஜ்ஜை தங்கச்சிக்கு எதிரியாகுமாப்பா?” என்றேன். ஆவதும் உண்டு என்று எனக்குத் தெரியும். சொல்லிப் பயமுறுத்துவானேன் என்று விட்டுவிட்டேன்.

எண்பத்தேழில், கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஏற்றினார்கள். மூன்றாம் மாதம் ஊர் திரும்பினாள். தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தாளாம். வேலப்பன் மனைவி சண்முகவள்ளிதான் பார்த்துக்கொண்டாள். ஐப்பசி மழையில் வயிற்றோட்டம் ஆரம்பித்தது. நாளைக்குப் பதினைந்து தடவை, கடைசியில் ரத்தமாக. பாதையில் மண் சரிந்து எந்த வண்டியும் கீழே இறங்கவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

வார்டு டாக்டர் உபகாரத்துக்கு இரண்டு சந்தேகம். அண்ணனின் மஜ்ஜையில் பிறந்த அணுக்கள் தங்கையின் குடலை அந்நியம் என்று தாக்குகின்றனவா, அல்லது கிருமியா? தாக்குதல் என்றால் ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டும், பிழைக்க வழியுண்டு. கிருமி என்றால் அதே மருந்து ஆளைக் கொன்றுவிடும். மலக்குடலில் மிளகளவு கிள்ளியெடுத்து அனுப்பினார்.

“உங்க ரிப்போர்ட்டத்தான் நம்பியிருக்கேன் சார். கொஞ்சம் வெரசாப் பாத்துருங்க.”

முதல் வெட்டில் ஒன்றுமில்லை. இந்த நோய் அப்படித்தான். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒளிந்திருக்கும், திசுவை ஆழ ஆழச் சீவிப் பார்க்க வேண்டும். சீவினேன். மூன்றாவது வெட்டில், குடல் சுரப்பிகளின் அடியில், செல்கள் தனித்தனியாகப் பொடிந்து கிடந்தன. ஐந்து இடங்களில் பார்த்தேன். கிருமியின் தடயம் எங்குமில்லை. அண்ணனின் மஜ்ஜைதான் தின்றுகொண்டிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே, வராந்தாவில் வேலப்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். இது தெரிந்தால் வாழ்நாளெல்லாம் தினம் தினம் செத்துப் பிழைப்பான் என்று தோன்றியது. ‘எதிரியாகாதுன்னு சொன்னீங்களேய்யா’ என்று என் முன்னால் வந்து நிற்பான் என்பதும் தோன்றத்தான் செய்தது. ஆனால் அதற்காக நான் செய்யவில்லை. மூன்றாவது ஸ்லைடைப் பேர் எழுதாமல் இழுப்பறையில் போட்டுவிட்டு, முதல் ஸ்லைடை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினேன்: ‘இந்த வெட்டில் மஜ்ஜைத் தாக்குதலுக்கான அறிகுறி இல்லை. குடல் தொற்றாக இருக்கலாம்.’ ஒரு வார்த்தை பொய் கிடையாது. அந்த ரிப்போர்ட்டை நீங்களே எடுத்துப் பாருங்கள்.

உபகாரம் ஸ்டீராய்டைக் குறைத்தார். ஒன்பதாம் நாள் முருகம்மாள் போய்விட்டாள். வேலப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தத் துக்கம் நடிப்பில்லை.

தொற்று என்றால் எதிலிருந்து தொற்றியது என்று ஒருவன் கேட்பானல்லவா? நான் அதை யோசிக்கவில்லை, வேலப்பன் யோசித்தான். பொண்டாட்டி கையால் சாப்பிடுவதை நிறுத்தினான். பிறகு ஆயக்குடியில் அவள் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டான். என்மேல் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. போன போகத்துக்குக்கூடப் பூண்டு கொண்டுவந்து கொடுத்தான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் சண்முகவள்ளி லேபுக்கு வந்தாள். வெள்ளனே பஸ் ஏறி வந்திருக்கிறாள். ஆள் பாதியாகியிருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“கை கழுவாம ஒருநா கஞ்சி காச்சலங்கய்யா. கொதிக்காத தண்ணிய அவ வாயில ஊத்தல. ஊரே என்னயச் சொல்லுது. நீங்க கண்ணாடியில வச்சுப் பாத்தவுக. நீங்க சொன்னா நம்பிக்கிறேன். எங்கையாலதான் செத்தாளா?”

பார்க்கவே பாவமாக இருந்தது. வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை.

“தெரியாமச் செஞ்சதுதானேம்மா. அதுக்குப் போயி யாரு உன்னயத் தண்டிக்கப் போறா? இனிமே சுத்தபத்தமாச் சமை,” என்று ஆறுதல் சொல்லித்தான் அனுப்பினேன்.