வெள்ளை ட்ரோனையே கொண்டு வாங்க

அக்டோபர் 22, செவ்வாய். போர் எல்லையோரச் சூமி நகரம்.

ஒரு சிறிய தவறு. ட்ரோன் சிக்னலை முடக்கும் ஜாமரின் ஆகஸ்டு மாதச் சோதனைத் தாளில், "ஜாமர் பெட்டியைப் போட்டதும் ட்ரோன் விழுந்தது" என்று எழுதினேன். அந்த ட்ரோனைக் கொண்டுவந்தது யார் என்று எழுதவில்லை. பெட்டியை விற்க வந்தவரேதான் கொண்டுவந்தார்.

படைப்பிரிவின் கொள்முதல் அறையில் உட்கார்ந்து இவ்வளவும் எழுதிய யாரினா, "சிறிய" என்ற சொல்லை அடித்தாள். பிறகு மேலே அதையே திரும்ப எழுதினாள். இருபத்து மூன்று வயது. பகலில் டெண்டர் தாள்கள், சாயங்காலம் ரேடியோ வகுப்பு. போன வியாழக்கிழமை, டிரைவர் நஸாரின் வண்டியோடு ட்ரோன் தாக்கி எரிந்துபோன பெட்டியை வகுப்புக்கு எடுத்துப்போய்த் திறந்து பார்த்தாள். வெளியே ஆறு ஆன்டெனா. உள்ளே இரண்டுக்குத்தான் இணைப்பு. மற்ற நாலும் மூடியில் திருகி வைத்த வெறும் குச்சிகள். கல்யாண வீடியோ எடுக்கும் கடை ட்ரோனை விழவைக்க அந்த இரண்டு போதும். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் ட்ரோன்களுக்கு வேறு அலைவரிசை.

எரிந்த பெட்டியோ, வண்டியில் மாட்டும்போது முத்திரை உடைத்த பெட்டியோ சாட்சி ஆகாது, நீங்களே கழற்றிவிட்டீர்கள் என்று விற்றவன் சொல்லிவிடுவான் என்றார் படைப்பிரிவின் வக்கீல். அதனால் மீதிப் பெட்டிகளை வண்டிகளிலிருந்து சத்தமில்லாமல் இறக்கிவிட்டு, புதிதாக நூற்றெண்பது வேண்டும் என்று விற்றவனுக்கே யாரினா கடிதம் போட்டாள். நாலு நாளாயிற்று.

போன் அடித்தது.

"ஹலோ... ஆமா, யாரினாதான்... வணக்கம் வாதிம் ஸெமெனொவிச், சொல்லுங்க... கேக்குது, கேக்குது. அது ஜெனரேட்டர் சத்தம். நாலு மணி வரைக்கும் கரெண்ட் இல்ல... ஆமா, நூத்தியெண்பதுதான். தப்பா அடிக்கல, ரெண்டு தடவை பார்த்துட்டுதான் அனுப்பினேன்... பன்னெண்டு வாங்கினவங்க நூத்தியெண்பது கேக்குறாங்கன்னா நீங்களே புரிஞ்சுக்குங்க... ம்... ம்... உங்க பெட்டியைப் பத்திப் பேசாத ஆளே இங்க இல்ல. நிஜமாத்தான்.

"நாளைக்குப் பத்து மணி... போன தடவை வந்தீங்களே, அந்தச் சர்க்கரை ஆலை மைதானம். அதேதான்... ஐயோ, அங்க ஒண்ணும் வராது. எல்லை தூரம்... ஆமா, ஒரே ஒரு பெட்டி போதும். ஆனா புதுசு. முத்திரையோட. அதை நீங்களே எல்லாருக்கும் முன்னாடி உடைக்கணும்... சட்டமெல்லாம் இல்ல, கடை திறப்பு விழாவுல ரிப்பன் வெட்டுற மாதிரின்னு வச்சுக்குங்க. போட்டோ எடுப்பாங்க... சரி, சரி.

"ட்ரோனா? உங்க வெள்ளை ட்ரோனையே கொண்டு வாங்க... ஆமா, பழகினது. அது விழுந்த அழகு மேஜருக்கு இன்னும் மறக்கல. பழுத்த பேரிக்கா மாதிரி விழுந்துச்சுன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு... சொல்றேன், கண்டிப்பாச் சொல்றேன்."

வெள்ளை ட்ரோன் விழுந்தபிறகு இன்னொன்று பறக்கும். படைப்பிரிவுப் பையன்கள் போன மாதம் வலையில் பிடித்த எதிரி ட்ரோன் அது. வெடிக்குப் பதில் ஒரு லிட்டர் பீட்ரூட் தண்ணீர்ப் பையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதை யாரினா சொல்லவில்லை. நோட்டில் "புதுப் பெட்டி" என்ற வரிக்கு எதிரே கோடு போட்டாள். "வண்டி" என்ற வரிக்கு வந்தாள்.

"பிக்கப்ல நீங்களே உட்காருவீங்கல்ல? முன் சீட்ல... ஆமா, நாப்பது கிலோமீட்டர் வேகத்துல. உங்க கையேட்டுல போட்டிருக்கிற மாதிரியே... பெட்டி போட்டிருந்தா நாப்பதைத் தாண்டக் கூடாது, தாண்டினா பாதுகாப்பு குறையும்னு. ஞாபகம் இருக்கு. நல்லா ஞாபகம் இருக்கு.

"யாரு?... நஸாரா. இருக்காரு. ஆஸ்பத்திரியிலதான்... ரெண்டு காலும் போச்சு. முட்டிக்கு மேல... ம்... உங்க அனுதாபத்தைச் சொல்றேன்... என்னது?

"இல்ல. வேகமா ஓட்டல... யார் சொன்னா உங்களுக்கு?... வாதிம் ஸெமெனொவிச், கொஞ்சம் நான் சொல்றதைக் கேளுங்க. அவர் நாப்பதுலதான் போனாரு. சுவிட்சும் போட்டுதான் இருந்தாரு. முன்னாடி போன ரெண்டு வண்டியில பெட்டி இல்ல, அவங்க நூத்திப் பத்துல பறந்து தப்பிச்சுட்டாங்க. இவர்தான் உங்க தாளை நம்பி ஊர்ந்து போனாரு... எனக்கு எப்படித் தெரியுமா? அந்த நாப்பதுன்னு ஸ்டிக்கர் அடிச்சு அவர் ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டினதே நான்தான். ஒழுங்கா ஒட்டலைன்னு எடுத்துட்டு நேரா ஒட்டினேன்.

"...ஹலோ?... ஹலோ, இருக்கீங்களா?"

பேனா மூடி அவள் பற்களுக்கிடையில் இருந்தது. எடுத்தாள். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தாள். அவன் வராவிட்டால் அவன் கையாலேயே திறக்கும் பெட்டி இல்லை. பெட்டி இல்லாவிட்டால் வழக்கும் இல்லை. அடுத்த மாதம் இதே பெட்டிகள் வேறு படைப்பிரிவுக்குப் போகும்.

"மன்னிச்சுக்குங்க... இல்ல இல்ல, உங்க மேல கோவமில்ல. நேத்து முழுக்க சைரன், தூக்கமே இல்ல. வாய் தானாப் பேசுது... ஆமா, நீங்க சொல்றது சரி, போர்ல எல்லாம் நடக்கும்தான்... கண்ணுன்னெல்லாம் வேண்டாம், யாரினான்னே கூப்பிடுங்க... ம்.

"டெக்னீஷியனை அனுப்புறீங்களா? நீங்க வரலையா?... முதுகு வலியா. எப்போ இருந்து?... இப்பதானா. பாவம்... அனுப்பலாம், தாராளமா அனுப்பலாம். ஆனா கொடியை அந்தப் பையன் கையில குடுக்க முடியாதே... சொல்லலையா நான்? பாருங்க என் மறதியை. நம்ம கொடி. நீலமும் மஞ்சளும், பெரிய சைஸ். வண்டிப் பிரிவுல இருக்கிற எல்லாரும் கையெழுத்துப் போட்டு உங்களுக்குன்னு வச்சிருக்காங்க... ஆமாங்க, உங்களுக்குத்தான். மேஜர் கையால முதலாளிதான் வாங்கணும், அதுதான் இங்க வழக்கம்... ட்ரோன் வலை விக்கிறாரே ஒருத்தர், அவர் போன மாசம் வாங்கிட்டுப் போனாரு. டிவியில பேட்டி குடுக்கும்போது பின்னாடி அதான் தொங்குச்சு. பார்த்தீங்களா?... அவரோடதைவிட உங்களுது பெருசு. அவருக்கு இருபது பேர்தான் போட்டாங்க.

"உங்களுக்கு நாப்பத்தியொரு பேர்... என்ன எழுதியிருக்காங்களா? நிறைய எழுதியிருக்காங்க. மனசுல இருந்து எழுதியிருக்காங்க. சிலது எனக்கே படிக்கக் கூச்சமா இருந்துச்சு... அதை போன்ல சொல்ல முடியாது. நேர்ல வந்து நீங்களே சத்தமாப் படிங்க, மேஜரும் அதைத்தான் விரும்புறாரு.

"முதுகு பரவாயில்லையா?... நல்லது, நல்லது. பெல்ட் கட்டிக்கிட்டு வாங்க.

"...யாரோட கையெழுத்து?... நஸாரோடதா."

யாரினா எழுந்து நின்றாள். ஜன்னல் வரை போனாள். கீழே வரிசையாக வண்டிகள். ட்ரோன் இறங்காதபடி அவற்றுக்கு மேல் மீன்வலை கட்டியிருந்தார்கள்.

"காயம்பட்டவர் கையெழுத்து இருந்தா பார்க்க நல்லா இருக்கும்னு சொல்றீங்க... புரியுது... இல்ல, தப்பா நினைக்கல. கை நல்லாத்தான் இருக்கு. எழுதுவாரு... கேக்குறேன். நீங்களே கேட்டீங்கன்னு சொல்லிக் கேக்குறேன்... நடுவுல இடம் இருக்கு. நாங்க யாரும் அங்க தொடல.

"ஒண்ணும் வேண்டாம்... கேக்கெல்லாம் எதுக்கு... சரி, அவ்வளவு சொல்றீங்க, கசகசா ரோல் கொண்டு வாங்க. நஸாருக்குப் பிடிக்கும்... ஆமா. ஆமா. பத்து மணி. நீங்களே. புதுப் பெட்டி, முத்திரையோட, வெள்ளை ட்ரோன்... நல்ல சட்டை போட்டுட்டு வாங்க, வெளிர் நிறம்னா போட்டோவுல எடுப்பா இருக்கும்... வெள்ளையா? ரொம்ப நல்லது. வச்சிடுறேன்."

வைத்தாள். பிறகு நோட்டைத் திருப்பி, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள்:

நாளை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி. கொடியும் தடித்த கறுப்பு மார்க்கரும். நஸார் எழுதி முடிக்கும்வரை பேசக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது.

பத்து மணிக்கு மைதானம். வக்கீல், மேஜர், வீடியோ எடுக்க இரண்டு பேர்.

ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று. பீட்ரூட் ட்ரோன் வந்து போனபிறகு ஸ்க்ரூடிரைவரை வாதிமிடம் கொடுத்து, ஆறு ஆன்டெனாவையும் அவரையே கழற்றச் சொல்ல வேண்டும்.