சீலிங்குக்கு மேலே

— பதினெட்டாந்தேதி அனுப்புன கட்டட மாடல்ல ஒரு குழாய்க்குப் பச்சைக்குப் பதிலா நீலம் குடுத்துட்டேன் அரிகரன் சார். இப்பதான் பாத்தேன். மன்னிச்சிக்குங்க.

— நிறத்த வுடு ரஞ்சனி. நான் ஏர்போர்ட்ல, புறப்பாட்டுப் பக்கம், சீலிங்குக்கு மேல இரும்பு உத்தரத்துல நிக்கறேன். கீழ லக்கேஜ் மேல தண்ணி கொட்டுது, வால்வ மூடணும். மேனேஜர் சாமிநாதன் சாரும் லைன்ல இருக்காரு.

— இன்னா அரிகரன், ஏறி இம்மாம் நேரமாச்சு? மொத்த கட்டடத்தையும் கம்ப்யூட்டர்ல வரைஞ்சாச்சு, கையில டேப்லெட் இருந்தா கண்ண மூடிக்கினு போயி வால்வ மூடலாம்னு நீங்கதான சொன்னீங்க?

— இதோ சார். ரஞ்சனி, நடைபாதை எனக்கு இடது பக்கம்னு டேப் காட்டுது. இங்க எல்லாத்து மேலயும் பஞ்சு போத்தியிருக்கு, எது பலகை எது சீலிங் அட்டைன்னு தெரியல. நான் இங்க ஏறுனதே இல்ல. மாடல்ல இந்த எடத்த நீ திருத்துனியா?

— எதுக்கு சார் திருத்தணும்?

— கேட்டதுக்குப் பதில் சொல்லுமா!

— இருங்க, ஒரு தபா சரிபாத்துக்கறேன். ஆங்... அங்க ஆளு வுழுந்தப்ப நீங்க எழுதுன ரிப்போர்ட்ல, மாடல் சரி, ஆளுதான் கவனமில்லாம கால வச்சி வுழுந்தான்னு இருக்கு. சரியா இருக்கறத நான் ஏன் தொடப்போறேன்?

— அந்த ரிப்போர்ட் உனக்கெப்பிடித் தெரியும்?

— வுழுந்தவரு உறுவையாறு புகழேந்தி. என் வூட்டுக்காரரு. இடுப்பு ஒடைஞ்சி இங்க உள் ரூம்ல படுத்துக்கினு இருக்காரு. வேலையும் போச்சு, கவனமில்லாதவன்ற பேருதான் மிச்சம்.

— ஐயோ... இப்ப அத பேசற நேரமாம்மா?

— பேச வேணாம் சார், நடங்க. உங்க மாடல் சரின்னா இடது பக்கம் கால வைங்க.

— அந்தம்மா சொல்றதுல இன்னா தப்பு அரிகரன்? நடங்களேன்யா!

— முடியல சார்.

— ஏன்?

— வருகைப் பக்கத்த மட்டும்தான் அளந்தேன் சார். புறப்பாட்டுப் பக்கத்துக்கு அதையே கண்ணாடி மாதிரி திருப்பி ஒட்டிட்டேன். நெசமான பாதை எந்தப் பக்கம்னு எனக்கே தெரியாது.

— அத மட்டும் செய்யாதீங்கன்னு நான் வரையக் கத்துக்கின வில்லியனூர் சாயங்கால கிளாஸ்ல மொத நாளே சொன்னாங்க சார். அது தப்புன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?

— அவன் வுழுந்த அன்னிக்கே. தெரிஞ்சிதான் அவன் மேல பழிய எழுதுனேன். போதுமா? சொல்லு ரஞ்சனி, திருத்துனியா, இல்லியா?

— கேட்டுக்கினீங்களா மேனேஜர் சார்?

— கேட்டேன்மா. நல்லாவே கேட்டுது.

— பாதை இடது பக்கந்தான் அரிகரன் சார், டேப்ல காட்டற மாதிரியே. அங்க வேலை பாக்கற செல்லக்கண்ணு அண்ணன ஏறி அளக்கச் சொல்லி, போன மாசமே திருத்திட்டேன். பயப்படாம நடங்க, வால்வ மூடிட்டு எறங்குங்க. நாளைக்குக் காலைல மொத வேலையா நீங்க அந்த ரிப்போர்ட்டத் திருத்தணும்.